சாக்குக் கொங்காணி

மழையினின்று தன்னைக் காத்துக்கொள்ள மனிதன் கண்ட கருவிகளுள் குடை ஒன்றே பெரும்புகழ் பெற்றுவிட்டது. மன்னனுக்கு அது வெண்கொற்றக் குடையாயிற்று. திருவிழா நாளில் தெய்வத் திருமேனிக்கு நிழலாயிற்று. பள்ளி ஆசிரியரின் கையில் அது மதிப்பின் அடையாளமாகவும் விளங்கிற்று. எனினும் குடைக்கு ஒரு குறை உண்டு. அதனைப் பிடிக்க ஒரு கை வேண்டும். ஒரு கையை மழைக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் காரியம் பார்க்கக்கூடியவர்க்கே குடை உரியது. இரு கைகளாலும் உழைக்க வேண்டியவனும், சுமையோடு நெடுவழி நடக்க வேண்டியவனும் மழையில் என்ன செய்வர்? அவர்களுக்கென்று அமைந்த எளிய கருவிக்குத் தமிழில் கொங்காணி என்று பெயர்.

கொங்காணி கடையில் விற்கப்படும் பொருளன்று. வீட்டின் மூலையில் கிடக்கும் கோணிச் சாக்கே கொங்காணி ஆகிவிடும். சாக்கின் அடிப்பகுதியில் இரண்டு முனைகள் உள்ளன. அவற்றுள் ஒரு முனையை உள்ளே தள்ளி மற்றொரு முனையோடு பொருத்திவிட்டால் கூம்பிய தலைமூடி ஒன்று தோன்றும். அதனைத் தலையில் கவிழ்த்துக்கொண்டால் எஞ்சிய சாக்கு முதுகையும் தோளையும் மறைத்து முழங்கால் வரை தொங்கும். தையல் இல்லை, பொத்தான் இல்லை, செலவும் இல்லை. மழை நின்றதும் உதறி விரித்தால் மறுபடி அது சாக்கே. நெல்லோ அரிசியோ விறகோ எதை வேண்டுமானாலும் அதில் சுமந்து வரலாம்.

இவ்வகை மறைப்பு மிகப் பழைமையானது. நற்றிணையின் 142ஆம் பாட்டில் இடைக்காடனார் ஓர் இடையனைக் காட்டுகிறார். கார்கால மழையின் கடைசி நாளில் அவன் முதுகின்மேல் பனையோலைப் பறியை இட்டுக்கொண்டு, கோலை ஊன்றி நிற்கின்றான். நுண்ணிய தூவல் அவன் உடலின் ஒரு பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கிறது. புலவர் அவன் முற்றும் நனையாமல் நின்றான் என்று பாடவில்லை. ஒரு பக்கம் நனைய நின்றான் என்றே பாடினார். எளியவனின் மழைக்கருவி எவ்வளவு காக்கும், எவ்வளவு காக்காது என்பதைக் கண்ணால் கண்டவரே அவ்வாறு பாட முடியும்.

பிற நாட்டாரும் இவ்வழியையே கண்டனர். மேகாலயத்துக் காசி மலைகளில் உழவர் மூங்கிலாலும் இலையாலும் பின்னிய, ஆமையோடு போன்ற ‘குனுப்’ எனும் மறைப்பை முதுகில் கவிழ்த்துக்கொண்டு, குனிந்தபடி இரு கைகளாலும் வேலை செய்வர். சப்பானிய உழவர் வைக்கோலால் பின்னிய ‘மினோ’ என்னும் போர்வையை அணிந்தனர். இலங்கையின் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் கம்பளியை மடித்துத் தலையிலிட்டு, அதன்மேல் கூடைக்கயிற்றைப் பொருத்தினர். ஈரச்செடிகள் இடுப்பை நனைக்காதிருக்கப் படங்கைச் சுற்றிக் கட்டினர். ஊர் வேறு, பொருள் வேறு. ஆயினும் கைகள் இரண்டும் வேலைக்கு உரியவை என்ற கருத்து எங்கும் ஒன்றே.

அத்தகைய உழைப்பு நிலைபெற்ற இடங்களுள் ஒன்று கோலசிலாங்கூரும் அதனைச் சூழ்ந்த வடசிலாங்கூர்த் தோட்டப் பகுதியும் ஆகும். ஜெராம், ஈஜோக், பழைய பத்தாங் பெர்ஜுந்தையாகிய இன்றைய பெஸ்தாரி ஜெயா என்று விரியும் இந்நிலத்தில் ரப்பரும் செம்பனையும் தமிழர் கைகளால் வளர்ந்தன. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகில் அமைந்தது. அதன் பெயர் தென்னமரம். அதனை நிறுவிய பிரெஞ்சுக்காரர் ஆன்றி பொக்கோனியே, பின்னர் ‘மலேசி’ என்ற புதினம் எழுதி 1930இல் தம் நாட்டின் கோங்கூர் பரிசைப் பெற்றவர். செம்பனைத் தோட்டத்திற்குத் தென்னையின் தமிழ்ப்பெயர் வாய்த்தது வியப்பே. அந்நிலத்தில் ஒலித்த மொழி எது என்பதற்கு அப்பெயரே சான்றாகின்றது.

இப்பகுதியின் மழைக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கிழக்குக் கரையில் ஆண்டிறுதியில் பெய்யும் பருவமழை போன்றதன்று இது. இங்கே ஏப்பிரல், மே திங்களிலும், அக்டோபர், நவம்பர் திங்களிலும் பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு மழை கொட்டும். இவையன்றி, மலாக்கா நீரிணையைக் கடந்து வரும் ‘சுமத்திரா’ என்னும் காற்றுமழையும் உண்டு. அது பெரும்பாலும் விடியலுக்கு முன்னோ காலையிலோ மேற்குக் கரையைத் தாக்கும். கருமேகம் வரிசையாய்த் திரண்டு வரும். திடீரெனக் குளிர்காற்று வீசும். அடுத்த சில நிமிடங்களில் ஊரே நீர்த்திரைக்குள் மறைந்துவிடும்.

அந்த நேரமே பால்மரம் வெட்டும் நேரமும் ஆகும். கதிரவன் எழுமுன் மரத்தின் பாற்குழாய்களில் அழுத்தம் மிகுந்திருப்பதால், அப்போது வெட்டினால்தான் பால் நன்கு சுரக்கும். ஆகவே தொழிலாளர் இருளிலேயே எழுந்து, பிரட்டுக் களத்தில் பெயர் கொடுத்து, நெற்றி விளக்கோடு தம் நிரைக்கு நடப்பர். மரப்பட்டை நனைந்திருந்தால் அன்று வெட்ட இயலாது. பால் வெட்டுக்கோட்டின் வழியே ஓடாமல் பட்டையெங்கும் பரவி வீணாகும். ஈரப்பட்டையில் நோயும் பற்றும். வெட்டி முடித்தபின் மழை வந்தாலோ நிலைமை இன்னும் கொடியது. கோப்பையில் மழைநீர் விழுந்து பால் கெடும். அதற்குள் மரத்திற்கு மரம் ஓடிப் பாலைச் சேர்க்க வேண்டும். காண்டாக் கட்டையின் இரு முனையிலும் வாளி தொங்க, சறுக்கும் மேட்டில் நடக்கும் அந்தத் தாய்க்குக் குடை பிடிக்க எந்தக் கை இருக்கிறது? தலையில் கவிழ்ந்த சாக்குதான் அவளுக்குத் துணை.

மழை பெய்தால் வேலை இல்லை. வேலை இல்லையேல் அன்றைய கூலி இல்லை. நாட்கூலி முறையில் தோட்டத்துக் குடும்பங்கள் அறிந்த பாடம் இது. பட்டணத்துப் பிள்ளை மழையைக் கண்டு காகிதக் கப்பல் விடும் வேளையில், லயத்து வாசலில் நிற்கும் தாய் வானத்தைப் பார்த்துக் கடைக்கணக்கை நினைத்தாள். ‘மழைநாள்’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் தோட்டத்துப் பிள்ளை என்ன எழுதும் என்பது, அந்தத் திண்ணையின் நிலையை அறிந்தவர்க்கே புலப்படும்.

இதில் ஒரு முரண் ஒளிந்திருக்கிறது. ரப்பரை உலகம் விரும்பத் தொடங்கிய காரணங்களுள் ஒன்று மழைச்சட்டையே. 1823இல் சுகாத்துலாந்தின் சார்லசு மாக்கிந்தோசு, ரப்பரைக் கரைத்து இரு துணிகளுக்கிடையே பூசி, நீர் புகாத ஆடைக்கு உரிமை பெற்றார். அவ்வாடை வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. பின்னர் 1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர் ரப்பரைக் கந்தகத்தோடு சூடாக்கும் முறையைக் கண்டபின் அக்குறையும் நீங்கிற்று. இலண்டன் மாநகரத்துக் கனவான் ரப்பர் பூசிய மேலாடையில் மழையை வென்று நடந்தான். அந்த ரப்பருக்குரிய பாலை மரத்தினின்று வடித்த கையோ கோணிச் சாக்கைப் போர்த்தது. பிற்காலத்தில் பால்மரத்துக்கும் மழைமறைப்பு வந்தது. வெட்டுக்கோட்டிற்கு மேலே நெகிழித் தாளைப் பாவாடைபோல் கட்டிப் பட்டை நனையாமல் காக்கும் முறை கேரளத் தோட்டங்களில் பெரிதும் வழங்குகிறது. மரத்திற்கு முறையாக அளந்து கட்டப்பட்ட நெகிழி, மனிதனுக்கு மட்டும் கிழிசலாகக் கிடைத்ததே என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

நெகிழியின் வருகை கொங்காணியையும் மாற்றிற்று. பாலித்தீன் 1933இல் இங்கிலாந்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் எதிர்பாராது தோன்றியது. போருக்குப் பின் அது மெல்லிய தாளாகவும் பையாகவும் உலகெங்கும் பரவிற்று. தோட்டங்களுக்கு அது உரமூட்டையின் உருவில் வந்து சேர்ந்தது. உரச்சாக்கின் உள்ளே இருந்த நெகிழிப்பையை உருவிக் கழுவி, அடியில் தலைக்கு ஒரு துளையும் பக்கங்களில் கைகளுக்கு இரு துளைகளும் இட்டால் சட்டை ஆயிற்று. கோணி நீரைக் குடித்துக் கனத்தது. நெகிழி நீரை உதறிவிட்டது. மடித்தால் இடுப்புச் செருகலில் அடங்கிற்று. சாக்கை விட்டவர்கள் பலர் இந்த நெகிழிக்கு மாறினர். அதன் பெயரும் ‘பிளாஸ்டிக்’ என்றே வழங்கிற்று.

பிள்ளைகளும் அதைப் பயன்படுத்தினர். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டம் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு எழுந்த தோட்டப்பள்ளிக்குப் பக்கத்துப் பிரிவுகளிலிருந்து செம்மண் சாலையில் நடந்து வந்த பிள்ளைகள் பலர். ஒரே ஒரு நெகிழித்தாள் கையிலிருந்தால் அவர்கள் எதை மூடினர்? தம் தலையையன்று; புத்தகப் பையை மூடினர். தலைமுடியில் நீர் சொட்டச் சொட்ட வகுப்பில் நுழைந்து, நெஞ்சோடு அணைத்திருந்த பையைத் திறந்து, நனையாத நோட்டை மேசைமேல் வைக்கும் பிள்ளையை அறியாத தமிழாசிரியர் அக்காலத்தில் அரியர்.

கொங்காணியின் உட்பொருள் இங்கேதான் விளங்குகிறது. விலையுயர்ந்த மழைச்சட்டை முழு உடலையும் காப்பதாக வாக்களிக்கிறது. மலிவான மறைப்பு அவ்வாறு வாக்களிப்பதில்லை. எல்லாவற்றையும் காக்க இயலாதபோது எதை முதலில் காப்பது என்று அது கேட்கிறது. இடையன் முதுகைக் காத்து ஒரு பக்கத்தை மழைக்கு விட்டான். பள்ளிப்பிள்ளை நோட்டைக் காத்துத் தலையை விட்டது. அந்தத் தெரிவில் அவரவர் வாழ்வின் முதன்மை எது என்பது வெளிப்படுகிறது.

இவ்வறிவு ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குச் செல்வது எளிதன்று. தோட்டம் துண்டாடப்பட்டபின் கோலசிலாங்கூருக்கருகே அடுக்கு வீட்டில் குடியேறிய முதியவள் ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவள் அவள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பேரன் உலு சிலாங்கூர் மலைப்பாதை ஒன்றிற்கு மாணவர் படையோடு நடைப்பயணம் போகவிருக்கிறான். மழைச்சட்டை கொண்டுவர வேண்டும் என்று பட்டியலில் எழுதியிருக்கிறது. நல்ல சட்டைக்குக் காசு போதவில்லை. கிழவி சமையற்கட்டிலிருந்து கறுப்புக் குப்பைப்பை ஒன்றை எடுத்து வந்து கத்தரிக்கோலைத் தேடுகிறாள்.

“வேணாம் பாட்டி. குப்பைப் பைய மாட்டிக்கிட்டுப் போனா பசங்க எல்லாம் சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும் ஐயா. இது புதுப் பை, குப்பை போட்டதா என்ன? இங்க வா, தலையைக் காட்டு.”

அவள் பையின் நடுவில் துளை இடவில்லை. அடிமூலை ஒன்றின் அருகே முகம் தெரியுமளவு மட்டும் வெட்டுகிறாள். மூலை அப்படியே தலைமேல் கூம்பி நிற்கிறது. பழைய சாக்குக் கொங்காணியின் அதே வடிவம்.

“எல்லாத்தையும் நனையாம காப்பாத்த முடியாது சாமி. தலை, நெஞ்சு, மாத்துச் சட்டை. இந்த மூணையும் பாத்துக்கோ. காலு நனைஞ்சா நனையட்டும். மாத்துச் சட்டையை வேற பையில கட்டி வெச்சிக்கோ.”

“நீங்க எதைக் காப்பாத்துனீங்க பாட்டி?”

“வெளக்கு, தீப்பெட்டி. அப்புறம் வெத்தலைப் பை” என்று சிரித்த கிழவி, சற்று நேரம் கழித்து, “ஒங்க அப்பன் கைப்புள்ளையா இருந்தப்போ, ஆயாக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போற வழியில, சாக்கு முழுக்க அவன் மேலதான்” என்றாள்.

பையன் அதற்குமேல் மறுத்துப் பேசவில்லை. பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் மலையில் அதை அணிந்தானா, நண்பர்க்கு அஞ்சி மறைத்து வைத்தானா என்பது அவன் வயதுக்குரிய செய்தி. ஆயின் தன் தந்தை நனையாமல் இருந்த கதை அவனுக்கு அன்று தெரிந்துவிட்டது.

மலைநடையில் வல்லவர்களும் இந்தக் கிழவியின் வழியையே போற்றுகின்றனர். அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. 1955இல் எம்மா கேட்வுட் என்னும் மூதாட்டி, தம் 67ஆம் வயதில், அதனைத் தனியே ஒரே பருவத்தில் நடந்து முடித்தார். பதினொரு மக்களைப் பெற்ற தாய் அவர். விலைமிக்க கூடாரமோ மழைச்சட்டையோ அவரிடம் இல்லை. தாமே தைத்த ஒரு பையைத் தோளில் இட்டு, சாதாரணத் துணிக்காலணி அணிந்து, குளியலறையில் தொங்கவிடும் நெகிழித் திரை ஒன்றை மழைக்கு மறைப்பாகக் கொண்டார். சுமை குறைந்தால் கால் நெடுந்தூரம் செல்லும் என்பதை அவர் நடந்தே காட்டினார்.

மாணவரை மழைக்காலத்தில் நடைக்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்க்குச் சில செய்திகள் இங்கே பயன்படும். நெகிழி வெளிநீரைத் தடுப்பது போலவே உள்வியர்வையையும் தடுக்கும். வெப்பநாட்டில் அதை இறுக்கி அணிந்தால் மழையில் நனையாதவன் வியர்வையில் நனைவான். ஆகவே பை அகலமாகவும், பக்கங்கள் திறந்தும், முழங்காலுக்குச் சற்று மேலே முடிவதாகவும் இருக்க வேண்டும். நீளம் மிகுந்தால் கால் தடுக்கும். முகம் எப்போதும் திறந்தே இருக்க வேண்டும். சிறு பிள்ளைகள் நெகிழிப்பையைத் தலையில் கவிழ்த்து விளையாடுவது உயிருக்கே ஆபத்து. உரச்சாக்கைப் பலமுறை கழுவாமல் உடலில் இடலாகாது. பூச்சிமருந்து வந்த பையையோ ஒருபோதும் தொடலாகாது. உயரம் நூறு மீட்டர் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ அரைப்பாகைக்குச் சற்று மேல் குறையும். கோலக்குபு பாருவுக்கு அருகிலுள்ள, ஏறத்தாழ 1,050 மீட்டர் உயர்ந்த புக்கிட் கூத்துபோன்ற குன்றின் உச்சியில், நனைந்த உடலோடு காற்றில் நிற்பவன் வெப்பநாட்டிலும் நடுங்குவான். உலர்ந்த மாற்றுச்சட்டை அங்கே மருந்துக்கு ஒப்பானது. இடி முழங்கினால் தனிமரத்தடியிலும் திறந்த முகட்டிலும் நிற்கலாகாது. மேட்டில் மழை பெய்தால், கீழே வானம் தெளிந்திருந்தாலும் ஆறு திடீரெனப் பெருகும். அத்தகைய நேரத்தில் கடக்காமல் காத்திருப்பதே அறிவு. பயன்படுத்திய பையைக் காட்டில் எறியாமல் மடித்துத் திரும்பக் கொணர்வது நடப்பவனின் கடமை.

இவ்வளவு சொன்னபின் ஓர் எச்சரிக்கையும் தேவை. எம்மா கேட்வுட் தாமே விரும்பி நடந்தார். மாணவனும் விரும்பியே மலையேறுகிறான். மழை மிகுந்தால் திரும்பிவிடலாம். பால்மரக் காட்டில் நின்ற தாய்க்கு அந்த உரிமை இல்லை. அவள் சாக்கைப் போர்த்தது சிக்கனத்தைக் காட்டுவதற்கன்று. வேறு ஒன்றும் கொடுக்கப்படாமையால். ஏழையின் கைத்திறனைப் புகழ்ந்து பேசுவோர், அத்திறன் எதனால் தேவைப்பட்டது என்று கேட்க மறந்துவிடுகின்றனர். இருப்பதைக் கொண்டு சமாளித்தார்கள் என்ற பாராட்டு, கொடுக்க வேண்டியதைக் கொடாதவர்க்குப் போர்வையாகிவிடக்கூடாது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழிலிடப் பாதுகாப்பு, நலச் சட்டம், தொழிலாளியின் பாதுகாப்பை முதலாளியின் கடமையாக்கியுள்ளது. இன்று வடசிலாங்கூர்ச் செம்பனைக் காடுகளில் உழைப்போருள் பலர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள். நீண்ட கழியின் முனையில் அரிவாள் பிடித்து, அண்ணாந்து குலை வெட்டும் அவர்கட்கும் இரு கைகளும் வேலைக்கே வேண்டும். அவர்கள் தோளில் கிழிந்த நெகிழி காணப்பட்டால், அது பழைய கதை இன்னும் முடியவில்லை என்பதையே காட்டும்.

ஆகவே கொங்காணியை இரு வகையாலும் நினைத்தல் வேண்டும். ஒன்றுமில்லாதபோதும் ஒரு வழி கண்ட அறிவுக்குச் சான்றாகவும், அவ்வறிவைத் தவிர வேறெதுவும் கிடைக்காத வாழ்வுக்குச் சான்றாகவும். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் பாடம் பாதியாகிவிடும்.

தோட்டங்கள் பல மறைந்தன. லயங்கள் இடிந்தன. பால்வாளியும் நெற்றிவிளக்கும் சில பள்ளிகளின் காட்சி அலமாரியில் இடம்பெறும் காலம் வந்துவிட்டது. சாக்கோ அங்கும் இடம்பெறுவதில்லை; அது காட்சிக்குரிய பொருள் என்று எவர்க்கும் தோன்றுவதில்லை. அடுத்த முறை ‘மழைநாள்’ என்று கரும்பலகையில் தலைப்பு எழுதும் ஆசிரியர், வானவில்லையும் தவளையொலியையும் வருணிக்கச் சொல்வதற்கு முன், வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டு வருமாறு மாணவரிடம் சொல்லலாம்: மழையில் வேலைக்குப் போன நாளில் நீங்கள் எதைப் போர்த்துக்கொண்டு போனீர்கள், எதை நனையாமல் வைத்திருந்தீர்கள்? அந்த விடைகள் ஏட்டில் ஏறுமுன் கேட்கக்கூடிய முதியோர் இன்னும் சிலர் இருக்கின்றனர்.